பருவச் சீட்டும் சந்தாவும்: வடசென்னையிலிருந்து ஒரு கால்பந்துக் கணக்கு

வடசென்னையில் 'சீசன்' என்று ஒருவர் சொன்னால் அது ரயில் சீட்டையே குறிக்கும். 'சீசன் எடுத்தாச்சா?' என்ற கேள்வி மாதத்தின் முதல் வாரத்தில் எண்ணூரிலும் அத்திப்பட்டிலும் திருவொற்றியூரிலும் காதில் விழும். கும்மிடிப்பூண்டித் தடத்தில் நாள்தோறும் போய்வருகிறவர்களுக்கு அது வீட்டுச் செலவுக் கணக்கில் அரிசிக்கு அடுத்த வரி. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அந்த மண்ணில் இச்சொல் இவ்வளவு இயல்பாகக் கலந்திருப்பதில் வியப்பில்லை. நகரின் தெற்கே மயிலாப்பூர் பக்கம் போனால் இதே சொல்லுக்கு மார்கழிக் கச்சேரி என்று பொருள். சபாக்களின் சீசன் டிக்கெட்டுக்காக விடியலில் வரிசையில் நிற்பவர்கள் அங்கே உண்டு. சேப்பாக்கத்தில் ஐந்து நாள் டெஸ்ட் ஆட்டத்துக்கும் சீசன் டிக்கெட் உண்டு. பொங்கல் டெஸ்ட் பார்த்த தலைமுறைக்கு அது நினைவிருக்கும்.

நான்காவதாக ஒரு சீசன் டிக்கெட் 2014க்குப் பிறகு சென்னைக்கு வந்தது. அது கால்பந்துக்கு உரியது. ஒரு கழகத்தின் உள்ளூர் ஆட்டங்கள் அனைத்துக்கும் முன்கூட்டியே பணம் கட்டி ஓர் இருக்கையை உரிமையாக்கிக்கொள்ளும் பருவச் சீட்டு. ஒவ்வோர் ஆண்டும் அதைப் புதுப்பிக்கலாமா, புதுப்பித்தால் முழுத்தொகையையும் ஒரே தடவையில் கட்டுவதா, தவணையாகவா என்ற விவாதம் உலகெங்கும் கால்பந்து ஆதரவாளர்களிடையே நடப்பது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது விலையைப் பற்றிய சிறு பேச்சாகவே தோன்றும். அதன் வரலாற்றைச் சற்றே புரட்டினால், ஒரு விளையாட்டு யாருடையது என்ற வினா அதற்குள் இருப்பது தெரியவரும். அவ்வினாவைக் காட்டுப்பள்ளியில் நின்றுகொண்டு கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காட்டுப்பள்ளி கடலுக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டு. மீனவக் குப்பங்களின் நிலம். 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம், 2001இல் எண்ணூர்த் துறைமுகம், 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, அதன்பின் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் எனக் கால் நூற்றாண்டுக்குள் அந்நிலத்தின் முகம் மாறிவிட்டது. அங்கு வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள், முறைவேலை செய்பவர்கள். பருவச் சீட்டின் கணக்கு இவர்களிடம் வரும்போதுதான் அதன் உண்மையான கட்டுமானம் வெளிப்படுகிறது. அதைக் காண, முதலில் அச்சீட்டு பிறந்த நாட்டுக்குப் போக வேண்டும்.

*

இங்கிலாந்தில் கால்பந்து உழைக்கும் மக்களின் ஆட்டமாக மாறியதற்கு ஒரு சட்டம் துணைநின்றது. 1850ஆம் ஆண்டின் ஆலைச் சட்டம், துணி ஆலைகளில் பெண்களின், இளையோரின் வேலையைச் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணியோடு நிறுத்தச் சொன்னது. ஆலை நின்றால் ஆண்களுக்கும் வேலையில்லை. சனிக்கிழமை அரைநாள் விடுப்பு சிறிது சிறிதாக மற்றத் தொழில்களுக்கும் பரவியது. ஆட்டம் மூன்று மணிக்குத் தொடங்கும் வழக்கம் அந்த விடுப்பின் குழந்தை. 1888இல் கால்பந்து லீக் பிறந்தது. 1890இல் லீக் நிர்வாகம் நுழைவுக் கட்டணத்தைக் குறைந்தது ஆறு பென்ஸ் என நிர்ணயித்தது. முதல் உலகப் போருக்குப்பின் அது ஒரு ஷில்லிங் ஆயிற்று. வாரந்தோறும் கூலி பெற்றவர் வாரந்தோறும் வாயிலில் காசு கொடுத்து உள்ளே போனார். நின்றுகொண்டே பார்த்தார். இம்முறையில் அவர் யாருக்கும் கடன்காரர் இல்லை, யாருக்கும் கடன் கொடுத்தவரும் இல்லை.

பருவச் சீட்டு அக்காலத்தில் இருக்கையில் அமர்ந்து பார்க்கும் நடுத்தர வர்க்கத்தாருக்கே பெரிதும் உரியதாயிருந்தது. கழகத்துக்கோ அது வேறொரு வகையில் இன்றியமையாதது. கோடையில் ஆட்டமில்லை, வாயில் வசூலும் இல்லை. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் மட்டும் உண்டு. அந்த வறண்ட மாதங்களில் முன்பணமாக வந்து சேரும் பருவச் சீட்டுத் தொகையே கழகத்தின் கைமுதல். அதாவது பருவச் சீட்டு என்பது, கழகத்துக்கு ரசிகர் வட்டியில்லாமல் தரும் கடன். கழகம் அதை ஆட்டமாகத் திருப்பிக் கொடுக்கிறது. இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னால் நடந்தவை யாவும் விளங்கும்.

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கி லிவர்பூல் ஆதரவாளர்கள் 97 பேர் மாண்டார்கள். நீதிபதி டெய்லர் 1990 ஜனவரியில் அளித்த இறுதி அறிக்கை, பெரிய மைதானங்களில் அனைவருக்கும் இருக்கை அமைக்கப் பரிந்துரைத்தது. நின்று பார்த்தவர்களின் சட்டைப்பைக்கு ஏற்ற விலையிலேயே மலிவான இருக்கைகள் அமைய முடியும் என்றும் அவர் எழுதினார். கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் இருக்கைக்கு 6 பவுண்ட், நின்று பார்க்க 4 பவுண்ட் என்பதை எடுத்துக்காட்டாகவும் காட்டினார். அறிக்கையின் முதற்பகுதி நிறைவேறியது. விலை பற்றிய பகுதி காகிதத்தில் நின்றுவிட்டது. 1992இல் பிரீமியர் லீக் தொடங்கியது, தொலைக்காட்சிப் பணம் வந்தது, இருக்கைகளின் விலையும் ஏறிக்கொண்டே போனது.

லண்டனின் வெஸ்ட் ஹாம் கழகம் 1991இல் ஒரு பத்திரத் திட்டத்தை அறிவித்தது. மைதானத்தைப் புதுப்பிக்க 500 முதல் 975 பவுண்ட் வரை ரசிகர்கள் கொடுக்க வேண்டும். அதற்கு ஈடாகக் கிடைப்பது பருவச் சீட்டை வாங்கும் உரிமை. சீட்டுக்குத் தனியே பணம் கட்ட வேண்டும். கிழக்கு லண்டன் கப்பல்துறைத் தொழிலாளர்களின் வழிவந்த ரசிகர்கள் ஆட்டத்தின் நடுவே மைதானத்துக்குள் இறங்கிப் போராடினார்கள். பத்திரங்கள் விற்கவில்லை. 2016 பிப்ரவரி 6 அன்று லிவர்பூல் மைதானத்தில் நடந்தது இன்னும் புகழ்பெற்றது. புதிய அரங்கில் 77 பவுண்டுக்குச் சீட்டு விற்கப்போவதாகக் கழகம் அறிவித்திருந்தது. சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் எழுந்து வெளியேறினார்கள். அப்போது 2-0 என முன்னிலையில் இருந்த அணி இறுதியில் 2-2 எனச் சமநிலையில் முடித்தது. நான்கே நாட்களில் கழக உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையேற்றத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

ஆனால் பெரும்பாலான இடங்களில் விலையேற்றத்துக்கான மறுமொழி தவணையாகவே இருந்தது. இங்கிலாந்தில் பல கழகங்கள் கடன் நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டன. ரசிகர் மாதந்தோறும் கட்டுவார். கழகத்துக்கு முழுத்தொகையும் முதலிலேயே வந்துவிடும். இடையில் வரும் வட்டியோ கட்டணமோ ரசிகர் தலையில். முன்பு ரசிகர் கழகத்துக்குக் கடன் கொடுத்தார். இப்போது கழகத்துக்குக் கடன் கொடுப்பதற்காக அவரே வேறொருவரிடம் கடன் வாங்குகிறார். தவணை என்ற சொல் ஆறுதலாக ஒலித்தாலும் கணக்கின் பொருள் இதுதான்.

*

இந்தியாவில் கால்பந்துக்கு முன்பணம் கட்டும் வழக்கம் வேறொரு வடிவில் தொடங்கியது. கல்கத்தாவில் மோகன் பகான் 1889இலும், முகமதன் ஸ்போர்ட்டிங் 1891இலும், ஈஸ்ட் பெங்கால் 1920இலும் தோன்றின. இவை உறுப்பினர் சங்கங்களாக வளர்ந்தவை. ஆண்டுச் சந்தா கட்டியவர் உறுப்பினர். அவரிடம் ஓர் அட்டை இருக்கும். கழகத் திடலில் உறுப்பினருக்கென ஒதுக்கிய படிக்கட்டில் அமர அது அனுமதி. கழகத் தேர்தலில் வாக்களிக்கவும் அதுவே தகுதி. 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் மோகன் பகான் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்றபோது, மைதானத்தைக் கண்ணால் காண முடியாத பெருங்கூட்டத்துக்குப் பட்டங்களைப் பறக்கவிட்டுக் கோல் கணக்கைத் தெரிவித்தார்கள் என்பது வங்காளத்தில் இன்றும் சொல்லப்படும் செய்தி. சீட்டு வாங்க முடிந்தவர், முடியாதவர் இருவரும் அந்த வெற்றிக்கு உரியவராயிருந்தனர்.

சந்தாவுக்கும் சீட்டுக்கும் உள்ள வேறுபாடு நூறாண்டுக்குப்பின் ஒரு சோதனைக்கு உள்ளாயிற்று. 2020இல் மோகன் பகானின் கால்பந்துப் பிரிவு ஏடிகே என்ற தனியார் கழகத்தோடு இணைக்கப்பட்டு, அணியின் பெயர் ஏடிகே மோகன் பகான் என்றாயிற்று. ஆதரவாளர்கள் அதை ஏற்கவில்லை. பெயரிலிருந்து அந்த மூன்றெழுத்தை நீக்கக் கோரி மைதானத்திலும் தெருவிலும் மூன்றாண்டு போராடினார்கள். 2023 மார்ச்சில் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்ற அன்று உரிமையாளர் பெயர் மாற்றத்தை அறிவித்தார். அவ்வாண்டு ஜூன் முதல் அந்த மூன்றெழுத்து அணியின் பெயரில் இல்லை. பெரும்பங்கு உரிமை தொழிலதிபரிடமே இருந்தது. ஆனால் தலைமுறை தலைமுறையாகச் சந்தா கட்டியவர்கள் தம்மை வாடிக்கையாளராக எண்ணியிருக்கவில்லை. அவ்வெண்ணமே அவர்களுக்கு வலிமை தந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஐரோப்பாவிலும் இம்மரபு உயிரோடு இருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களே பார்சிலோனா கழகத்தின் உரிமையாளர்கள். தலைவரை அவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஜெர்மனியில் 1998 முதல் நடப்பில் உள்ள 50+1 விதி, சில விலக்குகள் நீங்கலாக, கழகத்தின் வாக்குரிமையில் பெரும்பான்மை உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்கிறது. 2024இன் தொடக்கத்தில் லீக்கின் ஒளிபரப்பு வருவாயில் ஒரு பங்கை முதலீட்டாளருக்கு விற்கும் திட்டம் வந்தபோது, ஆதரவாளர்கள் மைதானங்களில் டென்னிஸ் பந்துகளை வீசி ஆட்டங்களை நிறுத்தினார்கள். பிப்ரவரி 21 அன்று திட்டம் கைவிடப்பட்டது.

*

சென்னையின் கதை இவ்விரண்டிலும் சேராது. இங்கே கால்பந்து வாயில் வசூலாலும் வளரவில்லை, சந்தாவாலும் வளரவில்லை. அதைச் சுமந்தவை நிறுவனங்கள். பெரம்பூரில் 1955இல் தொடங்கிய ரயில்பெட்டித் தொழிற்சாலை, தென்னக ரயில்வே, இந்தியன் வங்கி, வருமான வரித் துறை, சுங்கத் துறை போன்றவற்றின் அணிகளே நகர லீக்கின் தூண்கள். ஆட்டக்காரருக்கு ஒதுக்கீட்டில் வேலை, மாலையில் பயிற்சி, மாதச் சம்பளம். சிறு திடல்களில் பார்ப்பவருக்குச் செலவில்லை. கோட்டுக்கு வெளியே நின்று, ஆட்டக்காரரைப் பெயர் சொல்லி அழைத்து, தவறான உதைக்கு ஏசிவிட்டு வீடு திரும்பலாம். வியாசர்பாடிக்குச் 'சின்ன பிரேசில்' என்ற பெயர் வந்ததும் இப்படிப்பட்ட திடல்களால்தான். முல்லை நகர் மைதானத்தில் ஆடும் பிள்ளைகளைப் பார்க்க எவரும் சீட்டு வாங்கியதில்லை.

இது இனிய நிலை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கால்பந்தின் செலவை ஒரு நிறுவனம் ஏற்கும்போது அதன் ஆயுளும் அந்நிறுவனத்தின் கையில்தான். பஞ்சாபின் ஜேசிடி ஆலை அணி 1996-97இல் முதல் தேசிய லீக் கோப்பையை வென்றது, 2011இல் கலைக்கப்பட்டது. மும்பையின் மகிந்திரா யுனைடெட் அதற்கு முந்தைய ஆண்டே மூடப்பட்டது. தமிழகத்தின் சென்னை சிட்டி கழகம் கோயம்புத்தூரைத் தளமாகக்கொண்டு 2018-19இல் ஐ-லீக் கோப்பையை வென்றது. அடுத்த மூன்றாண்டுக்குள் அந்த லீக்கில் அதன் பெயரே இல்லை. இவற்றில் எந்த முடிவிலும் ரசிகரிடம் ஒரு சொல் கேட்கப்படவில்லை. இலவசமாகப் பார்த்தவருக்குக் கேட்கும் உரிமை எங்கிருந்து வரும் என்று நிர்வாகிகள் நினைத்திருக்கலாம்.

மூர் மார்க்கெட் பக்கத்தில் இருந்த பழைய மாநகராட்சி மைதானத்தில் 1956 முதல் 1965 வரை டெஸ்ட் கிரிக்கெட்டும் நடந்தது. அதே இடத்தில் 1993இல் நேரு விளையாட்டரங்கம் புதிதாக எழுந்தது. 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது சென்னையின் எஃப்.சி. அதைத் தன் தளமாகக் கொண்டது. அபிஷேக் பச்சன், வீட்டா டானி, மகேந்திர சிங் தோனி ஆகியோர் அதன் உரிமையாளர்களாயினர். பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர்மச்சான்ஸ் என்ற ஆதரவாளர் குழுக்கள் தோன்றின. 2015இலும் 2017-18இலும் அணி கோப்பை வென்றது. வடசென்னை ரசிகர் தம் ஊர் ரயில் வந்து நிற்கும் மூர் மார்க்கெட் நிலையத்திலிருந்து நடந்தே போய் ஒரு தொழில்முறைக் கழகத்தைக் காண முடிந்தது. பருவச் சீட்டு என்ற பழக்கமும் அப்போதுதான் இங்கே கால்பந்தில் நுழைந்தது.

ஆனால் பருவச் சீட்டின் அடிப்படை, பருவம் என்று ஒன்று உறுதியாக இருப்பது. இங்கே அது எப்போதும் ஆடிக்கொண்டே இருந்தது. 2014இல் லீக் பத்து வாரங்களில் முடிந்தது. லீக் சுற்றில் ஒரு கழகத்துக்கு உள்ளூரில் ஏழே ஆட்டங்கள். 2024-25இல் அணிகள் பதின்மூன்றாகி, உள்ளூர் ஆட்டங்கள் பன்னிரண்டாயின. இதற்கிடையே 2015 டிசம்பர் வெள்ளத்தில் நகரம் மூழ்கியதால் சென்னை அணியின் உள்ளூர் அரையிறுதி புனேயில் நடந்தது. 2020 பிப்ரவரி 29 அன்று கோவாவை 4-1 என வென்றபின், பெருந்தொற்றின் காரணமாக இரண்டு பருவங்கள் முழுவதும் கோவாவில், பெரும்பாலும் ஆளில்லா அரங்குகளில் நடந்தேறின. நேரு அரங்கில் மீண்டும் லீக் ஆட்டம் நடந்தது 2022 அக்டோபர் 14 அன்று. பிறகு 2025 ஜூலையில், அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்திய வணிக நிறுவனத்துக்கும் இடையிலான பதினைந்தாண்டு ஒப்பந்தம் அவ்வாண்டு டிசம்பரில் முடியவிருந்ததால், புதிய பருவமே நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளை நிறுத்திவைத்தது. பல மாத இழுபறிக்குப்பின் 2026 பிப்ரவரி 14 அன்று தொடங்கிய பருவத்தில் ஓர் அணிக்கு மொத்தமே பதின்மூன்று ஆட்டங்கள். அவற்றில் உள்ளூரில் நடப்பவை ஏறத்தாழ பாதி.

வெள்ளத்துக்கோ தொற்றுக்கோ யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஒப்பந்தம் முடிவதோ பதினைந்தாண்டுக்கு முன்பே தெரிந்த நாள். முன்பணம் கட்டும் ரசிகரிடம் கழகமும் லீக்கும் கேட்பது நம்பிக்கையை. அந்நம்பிக்கைக்கு எதிரில் வைக்கப்படும் ஈடு என்ன என்பதே நம் கேள்வி.

*

இனி காட்டுப்பள்ளிக் கணக்குக்கு வருவோம். புரிதலுக்காக ஓர் எண்ணைக் கற்பித்துக்கொள்வோம். ஓர் ஆட்டத்துக்குச் சீட்டு 200 ரூபாய், பருவத்தில் 12 உள்ளூர் ஆட்டங்கள், பருவச் சீட்டின் விலை 1,800 ரூபாய் என்று இருக்கட்டும். தனித்தனியே வாங்கினால் 2,400. ஆக 600 ரூபாய் மிச்சம் என்று விளம்பரம் சொல்லும். ஒன்பது ஆட்டங்களுக்குப் போனால் போட்ட பணம் எடுத்தாயிற்று. மாதச் சம்பளமும் மாலை ஓய்வும் உள்ள அண்ணாநகர்க்காரருக்கு இது நியாயமான பேரம்.

மூன்று முறைவேலையில் வாரம் மாறி வாரம் உழலும் ஒரு துறைமுகத் தொழிலாளிக்கு இதே கணக்கைப் போடுங்கள். ஆட்டம் இரவு ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிகிறது. பிற்பகல் இரண்டு முதல் பத்து வரை வேலை இருக்கும் வாரத்தில் அவர் வர முடியாது. இரவு பத்து மணி வேலை இருக்கும் வாரத்தில் ஆட்டம் முடிந்து காட்டுப்பள்ளிக்குப் போய்ச் சேர வழியில்லை. காலை முறை வாரம் ஒன்றுதான் மிச்சம். பன்னிரண்டில் நான்கு ஆட்டம் பார்த்தால் பெரிது. தனிச் சீட்டு வாங்கினால் 800 ரூபாய். பருவச் சீட்டு வாங்கினால் அதே நான்கு ஆட்டங்களுக்கு 1,800. அதாவது ஆட்டத்துக்கு 450. ஆக, தள்ளுபடி என்பது நேரம் தன் வசமுள்ளவருக்கே தள்ளுபடி. முறைவேலைக்காரருக்கு அது கூடுதல் விலை. இதோடு ரயிலோ மெட்ரோவோ பேருந்தோ எடுத்து வரும் செலவு. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோ திருவொற்றியூர்க்காரருக்கு உதவியது. அதற்கு வடக்கே உள்ளவர்களுக்குக் கடைசி ரயிலின் நேரம் ஆட்டத்தின் கூடுதல் நேரத்தை விடப் பரபரப்பானது.

இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளிக்குச் சனிக்கிழமை மூன்று மணி உறுதியாயிருந்தது. நம் துறைமுகத்திலும் அத்தகைய உறுதிக்கான முயற்சி நடந்ததுண்டு. 1948ஆம் ஆண்டின் கப்பல்துறைத் தொழிலாளர் சட்டம், கூலிக்கு நிற்கும் தற்காலிகச் சுமையாட்களைப் பதிவேட்டில் கொண்டுவந்து, கப்பல் வராத நாளிலும் வருகைக்கு ஊதியம் தரும் முறைக்கு வழி செய்தது. 1983இல் சென்னைத் துறைமுகத்தில் சரக்குப்பெட்டக முனையம் வந்தது. பின்னர் தனியார் முனையங்களும் ஒப்பந்த முறையும் பெருகின. வருங்கால மாலைகளை முன்கூட்டியே அறிந்தவரின் எண்ணிக்கை குறைந்தது. பருவச் சீட்டு கேட்பது பணம் மட்டுமன்று. அடுத்த ஆறு மாதம் தன் மாலை தன்னுடையதாக இருக்கும் என்ற உறுதியையும் அது கேட்கிறது. வடசென்னையில் அரிதான பொருள் அதுவே.

சரி, தவணை தந்தால் என்ன? வடசென்னைக்குத் தவணையைப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. தண்டல் என்பது அங்கே அன்றாடச் சொல். பத்தாயிரம் ரூபாய்த் தண்டலில் கைக்கு வருவது ஒன்பதாயிரமோ அதற்கும் குறைவோ. நாளுக்கு நூறு ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். வட்டி முதலிலேயே பிடிக்கப்படுவதால் 'வட்டியில்லாத் தவணை' என்ற விளம்பரத்தின் உட்பொருளைக் காசிமேட்டு மீன்காரம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டாம். மற்றொன்று சீட்டு. தமிழில் டிக்கெட்டும் சீட்டுதான், மாதந்தோறும் இருபது பேர் கூடிக் கட்டுவதும் சீட்டுதான். சொல்லின் இந்த இரட்டைப் பொருள் நமக்கு ஒன்றைக் காட்டுகிறது. கட்டும் சீட்டில் பணம் போட்டவர் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை உண்டு. ஏலத்தில் பேசும் உரிமை உண்டு. நடத்துபவர் ஓடிப்போனால் தேடிப் பிடிக்க 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டமும் உண்டு. கால்பந்துச் சீட்டில் முன்பணம் போட்டவருக்கு இவற்றில் எதுவும் இல்லை.

ஆகவே, புதுப்பிக்கலாமா வேண்டாமா என்று எடைபோடும் ரசிகர் விலையை மட்டும் பார்த்தால் போதாது. உள்ளூரில் எத்தனை ஆட்டம் என்ற உறுதி எழுத்தில் இருக்கிறதா? ஆட்டம் வேறு ஊருக்கு மாறினாலோ ரத்தானாலோ பணம் திரும்புமா, அல்லது அடுத்த பருவத்தில் கழித்துக்கொள்ளும் வாக்குறுதியோடு நின்றுவிடுமா? வர முடியாத நாளில் அந்த இருக்கையை அண்ணனுக்கோ பக்கத்து வீட்டுப் பையனுக்கோ கொடுக்க வழியுண்டா? தவணையைக் கழகமே வசூலிக்கிறதா, இடையில் கடன் நிறுவனம் இருக்கிறதா? இவற்றுக்கு விடை தெரிந்தபின்பே 1,800 மலிவா விலை உயர்ந்ததா என்று சொல்ல முடியும். நான்கு அல்லது ஐந்து ஆட்டங்களுக்கான சிறு கட்டுச் சீட்டை முறைவேலைக்காரர் தாமே ஆட்டங்களைத் தேர்ந்துகொள்ளும் வகையில் கொடுப்பது எந்தக் கழகத்துக்கும் பெரிய சுமையன்று. அதனினும் மேலானது, பருவச் சீட்டோடு இணையாத ஒரு சிறு ஆண்டுச் சந்தா. அரங்குக்கு வர முடியாத காட்டுப்பள்ளிக்காரரும் அதைக் கட்டலாம். அதற்கு ஈடாக ஆண்டுக்கொரு முறை வரவுசெலவைக் கேட்கவும், பெயர், நிறம், தளம் ஆகியவற்றை மாற்றும்போது கருத்துச் சொல்லவும் உரிமை வேண்டும்.

இதை நடவாத கனவு என்று ஒதுக்குவோருக்கு, இலக்கிய வாசகர்களாகிய நமக்குத் தெரிந்த ஒரு முன்னுதாரணத்தைச் சொல்லலாம். தமிழ்ச் சிற்றிதழ்கள் சந்தாவால் வாழ்ந்தவை. சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' 1970 வரை நின்றது. சந்தா கட்டியவர் அடுத்த இதழ் வரும் என்ற உறுதியில் கட்டவில்லை. எத்தனையோ இதழ்கள் சந்தாக் காலம் முடியுமுன்பே நின்றுபோயின. ஆனாலும் அவ்வாசகர் தம்மை ஏமாற்றப்பட்ட வாடிக்கையாளராகக் கருதவில்லை. இதழ் நின்றதற்கான காரணம் அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் எழுதிய கடிதம் அச்சில் வந்தது. ஆசிரியரோடு சண்டையிடும் உரிமை அவருக்கு இருந்தது. நட்டம் நேர்ந்தபோது அது பொதுவான நட்டமாயிற்று. கால்பந்து ரசிகரும் இதைத்தான் கேட்கிறார். தோல்வியை அவர் பொறுத்துக்கொள்வார், மழையில் நனைந்தபடி பார்ப்பார், தரவரிசையின் அடியில் கிடக்கும் அணிக்காகவும் தொண்டை வறளக் கத்துவார். தன்னிடம் சொல்லாமல் கதவை மூடுவதைத்தான் அவரால் பொறுக்க முடியாது.

2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்கால் 1-0 என மோகன் பகானை வென்றது. பல ஆண்டுத் தொடர் தோல்விக்குப்பின் வந்த அந்த வெற்றிக்குக் கோல் அடித்தவர் சென்னையில் பிறந்த நந்தகுமார் சேகர். கொல்கத்தாவில் தலைமுறைகளாகச் சந்தா கட்டியவர்கள் அன்றிரவு அவர் பெயரைச் சொல்லிக் கொண்டாடினார்கள். நம் திடல்கள் ஆட்டக்காரர்களை இன்னும் உருவாக்கிக்கொண்டிருக்கின்றன. அவர்களைத் தம்முடையவர் என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளும் உறுப்பினர் கூட்டத்தை உருவாக்கும் வேலை இங்கே இன்னும் தொடங்கவில்லை. அடுத்த பருவச் சீட்டு அறிவிப்பு வரும்போது வடசென்னை ரசிகர் விலையைக் கேட்கட்டும், தவணையைக் கேட்கட்டும். கூடவே, 'இந்தப் பணத்துக்கு எனக்கு ஒரு வாக்கு உண்டா?' என்றும் கேட்கட்டும்.